ஆவணி 5, சரி... எந்த வருஷத்து ஆவணி?

தேதியைப் படிப்பது சின்ன வேலை என்று கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. பிராஜெக்ட் ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது கடைசியாகச் சேர்க்கிற சமாசாரம். "அதுக்குத்தான் லைப்ரரி இருக்குல்லா மக்கா, ஒரு வரியில முடிஞ்சிரும்." முடிந்துதான் விடுகிறது. தப்பாக முடிந்திருக்கிறது என்பது இரண்டு வருஷம் கழித்து வேறு யாருக்காவது தெரியவரும்.

லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்குகிற இடம் இல்லை. யாரோ ஏற்கெனவே எழுதிவைத்து, நம் நிரல் கூப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்கிற நிரல் தொகுப்பு. மனிதர்கள் கண்டபடி எழுதுகிற தேதியை வாங்கி, கணினி கூட்டிக் கழிக்கக்கூடிய தேதியாக மாற்றித் தருவதற்கென்றே சில லைப்ரரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து லினக்ஸுக்குப் பொதி (பேக்கேஜைத்தான் லினக்ஸ் வட்டாரத் தமிழில் பொதி என்கிறார்கள்) கட்டும்போது கட்டுகிறவர் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்குக் கொஞ்சம் ஆழ்வார்குறிச்சி வரை போய்வர வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், திரும்ப வந்துவிடலாம் :-)

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே, கடனாநதிக்கரையில், சிவசைலம் பரமகல்யாணி அம்மன் பெயரில் கல்லூரி இருக்கிற ஊர். 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டம், அதற்குப் பின் தென்காசி மாவட்டம். (ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. ஒரு சான்றிதழில் எந்த மாவட்டம் இருக்க வேண்டும் என்பதற்கே தேதி தெரிய வேண்டும்.) அங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ரயில் தண்டவாளமே கொல்லத்தை நோக்கித்தான் போகிறது. ஆகவே அந்தப் பக்கத்துப் பழைய எழுத்துகளில் சக வருஷமும் கலி வருஷமும் மட்டும் வராது, கொல்லம் ஆண்டும் வரும். சுவெலும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் சேர்ந்து 1896ல் வெளியிட்ட இந்திய நாள்காட்டி நூலில் கொல்லம் ஆண்டு வழங்குகிற இடங்களில் திருநெல்வேலி ஜில்லாவையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு ஒத்திப் பத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைப் பத்திரம்தான், தேதி மட்டும் அந்த வட்டார வழக்குப்படி: கொல்லம் 1050 ஆவணி 5. வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய கட்டை ஒரு பேரன் படமெடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்து, கணினியில் பட்டியல் போடுகிறான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். இது எந்த வருஷம்?

எதையும் யோசிக்காமல் படிக்கிற நிரல் கி.பி. 1050 என்று சொல்லும். அது ராஜாதிராஜ சோழன் ஆண்ட காலம். பேரன் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவான், ஆபத்தில்லை. ஆபத்து அடுத்த பதிலில் இருக்கிறது. கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், ஜனவரி தாண்டிவிட்டால் 825 கூட்ட வேண்டும். அப்படியானால் 1874 ஆகஸ்ட். சரியான பதில் மாதிரிதானே இருக்கிறது? தெற்கே, திருநெல்வேலிப் பக்கமும் தென் மலபாரிலும் கொல்லம் ஆண்டு ஆவணியில் (அவர்களுக்குச் சிங்கம்) பிறக்கிறது. வட மலபாரிலோ அடுத்த மாதமான கன்னியில், நம் புரட்டாசியில் பிறக்கிறது. அந்தக் கணக்குப்படி ஆவணி என்பது 1050ஆம் ஆண்டின் கடைசி மாதம். அதாவது 1875 ஆகஸ்ட். ஒரே எழுத்து, ஒரே மாதம், ஒரே நாள், இடையில் முழுதாக ஒரு வருஷம்.

மாதம் பிறக்கிற நாளிலும் வம்பு உண்டு. சூரியன் ராசி மாறுகிற நேரம் அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றைக்கே மாதம் பிறந்துவிட்டது என்பது தமிழ்நாட்டு வழக்கு. மலையாள வழக்கில் பகலை ஐந்தாகப் பிரித்து முதல் மூன்று பாகத்துக்குள் வந்தால்தான் அன்றைக்கு, இல்லாவிட்டால் மறுநாள். மத்தியானம் மூன்று மணிக்குச் சங்கராந்தி வந்தால் செங்கோட்டை மலைக்கு இந்தப் பக்கம் ஒன்றாம் தேதி, அந்தப் பக்கம் முந்தின மாதத்தின் கடைசி நாள். வாக்கியப் பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதக்காரரும் சங்கராந்தி எப்போது என்பதிலேயே ஒத்துப்போகமாட்டார்கள் என்பது தனிக் கதை.

இந்தக் குழப்பம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பழைய பத்திரம் எழுதியவர்கள் வெறுமனே "1050 ஆவணி 5" என்று விட்டுவிடவில்லை. அறுபது வருஷச் சுற்றில் அந்த வருஷத்தின் பெயரைப் போட்டார்கள். கிழமை போட்டார்கள். பல இடங்களில் திதி, நட்சத்திரம்கூட. படிக்கிற நமக்கு அது சம்பிரதாய அலங்காரமாகத் தெரிகிறது. அதுதான் சரிபார்ப்பு. 1874 ஏப்ரல் முதல் 1875 ஏப்ரல் வரை பவ வருஷம், அடுத்தது யுவ வருஷம். பத்திரத்தில் "பவ" என்று ஒரு சொல் இருந்தால் 1875 அடிபட்டுப்போகும், கேஸ் முடிந்தது. அந்த ஒரு சொல் தனியாக இருந்தாலும் உதவாது. விசுவாவசு என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1905ஆ, 1965ஆ, 2025ஆ? எண்ணும் பெயரும் கிழமையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கல்வெட்டுத் தேதிகளைச் சரிபார்க்க எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான நாள் பட்டியல்களைக் கணக்கிட்டுக் கொடுத்தார், சென்னை அரசு அச்சகம் 1922ல் வெளியிட்டது. வருஷம், மாதம், கிழமை, திதி எல்லாம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பட்டியல்களின் முக்கியமான உபயோகம். ஒத்துவராவிட்டால் கல்வெட்டில் தப்பா, படித்தவர் கண்ணில் தப்பா என்ற கேள்வி எழும். கேள்வி எழுவதே ஆராய்ச்சிக்கு லாபம்.

இனி நவீன லைப்ரரிகள் பக்கம் வருவோம். பைத்தானில் பிரபலமானது டேட்யூட்டில், 2003ல் கிளம்பியது, கோடிக்கணக்கான கணினிகளில் இருப்பது. நல்ல லைப்ரரிதான். ஆனால் அதற்கு 12/11/2005 என்று கொடுத்தால் டிசம்பர் 11 என்று படிக்கும். அமெரிக்க வழக்கம், மாதம் முதலில். நாம் எழுதியது நவம்பர் 12. சரி, ஒரேயடியாக எல்லாவற்றையும் அப்படித் திருப்பிப் படித்தாலாவது யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த வரியில் 13/11/2005 என்று கொடுத்தால் பதிமூன்றாவது மாதம் கிடையாதே என்று தானே புரிந்துகொண்டு நவம்பர் 13 என்று சரியாகப் படித்துவிடும்! சத்தமே போடாது. நாளை முதலில் படி என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தானே சொல்வார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் இரண்டு விதமாகப் படிக்கலாம், மொத்தம் 144 நாள். அதில் 1/1, 2/2 மாதிரி 12 நாளில் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 நாள் தப்பாக மாறும், 233 நாள் சரியாக இருக்கும். ஒரு கல்லூரியின் பிறந்த தேதிப் பட்டியல் முழுவதையும் இப்படி ஏற்றினால் மூன்றில் ஒருவருக்குமேல் பிறந்தநாள் மாறிப்போகும். மேலோட்டமாகச் சரிபார்க்கிறவர் கண்ணில் முதலில் 25ஆம் தேதிக்காரர் பட்டால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். முழுவதும் கெட்ட தோசைமாவை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இது மூன்றில் ஒரு பங்கு மட்டும் கெட்டது. பாண்டாஸ் என்கிற தரவு லைப்ரரியும் நெடுநாள் இப்படி வரிக்கு வரி மாற்றி மாற்றித்தான் படித்தது. 2023ல் வந்த 2.0 பதிப்பில்தான் முதல் வரியின் வடிவத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்வது, ஒத்துவராவிட்டால் பிழை சொல்வது என்று மாற்றினார்கள்.

இது ஏழை நாட்டுக்காரன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று ஊகித்து மாற்றி மாற்றி ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களையே கெடுத்தது. எக்செலைத் திருத்தி மாளாது என்று 2020ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். ஒரு மென்பொருளின் ஊகத்துக்கு உயிரியலே பெயர் மாற்றிக்கொண்டது. வேடிக்கைதான், ஆனால் சிரிப்பு வரவில்லை.

தமிழுக்கு வருவோம். டேட்பார்சர் என்று இன்னொரு லைப்ரரி. இருநூறுக்கு மேற்பட்ட மொழி வழக்குகளைப் படிக்கும் என்பது அதன் பெருமை, டெபியனில் பொதியாகவும் இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. இந்தியத் தமிழ் போக இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்கூடத் தனித்தனியாக உண்டு. ஆஹா என்று உள்ளே போனால் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான். இந்த மாதிரி லைப்ரரிகளுக்கு மொழித் தரவு கொடுக்கிற யூனிகோடின் பொதுப் பட்டியலில் ஆகஸ்ட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் "ஆக." என்று இருக்கிறது. புள்ளியை உதறிவிட்டுப் படிக்கிற ஒரு நிரலிடம் "ஆக 5 பேர் வந்தார்கள்" என்று கொடுத்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் கற்பனைக்கே விட்டுவிடலாம். திங்கள் என்பது கிழமையும்தான், மாதமும்தான். வெள்ளி கடையிலும் கிடைக்கும்.

அதே டேட்பார்சரில் கிரிகோரியன் அல்லாத நாள்காட்டிகளும் இருக்கின்றன. பாரசீகர்களின் ஜலாலி இருக்கிறது, ஹிஜ்ரி இருக்கிறது. ஐசியூ என்ற இன்னொரு பெரிய லைப்ரரியில் 1957ல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட சக நாள்காட்டிகூட இருக்கிறது, ஆழ்வார்குறிச்சியில் அதை வைத்து யாரும் கல்யாணத்துக்கு நாள் பார்த்ததாகத் தெரியவில்லை. சித்திரை முதல் பங்குனி வரை ஒரு நாள்காட்டியாக இரண்டிலும் இல்லை. இதில் சதி எதுவும் கிடையாது. ஜலாலியை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களுக்கு அது தேவைப்பட்டது, யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், சோதனைகளோடு அனுப்பினார்கள், ஏற்கப்பட்டது. நாம் 2004ல் செம்மொழி என்று பட்டாசு வெடித்தோம், 2010ல் கோவையில் மாநாடு போட்டோம், எழுத்துருக்கள் செய்தோம், விசைப்பலகைகள் செய்தோம், எந்த விசைப்பலகை உசத்தி என்று பத்து வருஷம் சண்டை போட்டோம். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு ஆள் இருக்கிறது. ஆவணி எப்போது பிறக்கிறது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு ஆள் இல்லை, ஏனென்றால் அதைத் திரையில் காட்டிக் கைதட்டு வாங்க முடியாது.

அப்படியே யாராவது செய்தாலும் என்ன செய்கிறார்கள்? பன்னிரண்டு வரியில் ஒரு பட்டியல். சித்திரை என்றால் ஏப்ரல், ஆவணி என்றால் ஆகஸ்ட், தை என்றால் ஜனவரி. முடிந்தது தமிழ்த் தொண்டு. ஆவணி ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுவில் முடிகிறது என்பது பஞ்சாங்கம் தொங்குகிற எந்த வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். ஆவணி 20ஐ ஆகஸ்ட் 20 என்று சொல்கிற நிரல் ஆவணி தெரியாது என்று சொல்கிற நிரலைவிட மோசம். தெரியாது என்றால் ஆள் வேறு வழி தேடுவான். இது நம்பவைத்துக் கழுத்தறுக்கிறது.

எண்களிலும் இதே கூத்து. ௧ முதல் ௯ வரையான தமிழ் இலக்கங்களை பைத்தான் எண்ணாகவே ஏற்றுக்கொள்ளும். பத்தைக் குறிக்கிற ௰ அப்படி இல்லை. பழைய முறையில் ௰௫ என்றால் பதினைந்து. தெரியாத எழுத்தை உதறிவிட்டு மிச்சத்தைப் படி என்று ஒரு சலுகை சில லைப்ரரிகளில் இருக்கிறது, டேட்யூட்டிலிலும் உண்டு. அந்தச் சலுகையைக் கொடுத்தால் பதினைந்து ஐந்தாகிவிடும். "மார்கழி 5" என்று கொடுத்தால் மார்கழியை உதறிவிட்டு, இல்லாத மாதத்தையும் வருஷத்தையும் இன்றைய தேதியிலிருந்து கடன் வாங்கி, இந்த மாதம் 5ஆம் தேதி என்று பதில் வரும். அடுத்த மாதம் ஓட்டினால் அடுத்த மாதம் 5ஆம் தேதி. இதற்குப் பேர் படிப்பதா?

இனி பொதி கட்டுகிறவர் விஷயம். "அண்ணாச்சி, லைப்ரரியில தப்பு இருந்தா எழுதினவன்ட்ட போய்க் கேளுங்க, பொதி கட்டுதவன் என்ன செய்வான்?" என்று கேட்பவர்கள் உண்டு. பொதி கட்டுவது மூட்டை கட்டுவது மாதிரி என்ற நினைப்பு. டெபியனில் ஒரு பொதியைச் சேர்ப்பவர் அந்த நிரலின் உரிமத்தைக் கோப்பு கோப்பாகப் படிக்க வேண்டும். இந்து நாள்காட்டிக் கணக்குகளை எல்லாம் டெர்ஷோவிட்ஸும் ரெய்ன்கோல்டும் 1997லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள், ஆகவே கணிதம் தெரியாது என்ற சாக்கு செல்லாது. ஆனால் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாலும் நிரலை அப்படியே அள்ளிக்கொண்டு வர முடியாது, என்ன நிபந்தனையில் எடுக்கலாம் என்று பொதிக்காரர் எழுதிவைத்தாக வேண்டும். லைப்ரரி தன் வயிற்றுக்குள் வேறு எதையாவது ஒளித்துவைத்திருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டும். டேட்யூட்டில் உலக நேர வலயத் தரவின் ஒரு பிரதியைத் தன்னோடு சுமந்தே வருகிறது. டெபியனில் அந்தப் பொதி கணினியில் பொதுவாக இருக்கிற டிஇசட்டேட்டா என்ற தரவுப் பொதியைச் சார்ந்து நிற்கிறது.

அதனால் என்ன லாபம்? அரசாங்கங்கள் கடிகாரத்தோடு விளையாடுவது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. இலங்கை 1996 மே 25ல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அதே வருஷம் அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தது, 2006 ஏப்ரல் 15ல் இன்னொரு அரை மணி இழுத்துப் பழைய இடத்துக்கே, நம் இந்திய நேரத்துக்கே வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. பத்து வருஷம் கொழும்பில் ஒரு மணி, கிளிநொச்சியில் வேறு மணி. தரவுத் தொகுப்பில் இருக்கிற பெயரோ கொழும்பு ஒன்றுதான். அந்தப் பத்து வருஷத்தில் வன்னியில் ஒரு மரணச் சம்பவம் மாலை 6 மணி என்று எழுதப்பட்டிருந்தால் அதைக் கணினி எந்த 6 மணி என்று படிக்கும்? தரவு தனியாக ஓரிடத்தில் இருந்தால் இந்த மாதிரிக் குறைகளை ஓரிடத்தில் குறிக்கலாம், ஓரிடத்தில் திருத்தலாம். ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கென்று ஒரு பிரதியை ஒளித்துவைத்தால் ஒன்று திருந்தும், ஒன்பது திருந்தாது.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 2008ல் தமிழக அரசு தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் போட்டது. 2011ல் அடுத்த அரசு அதை ரத்து செய்து சித்திரைக்கே திரும்பியது. எது சரி என்ற சண்டையை வேறு பதிவுகளில் போட்டுக்கொள்ளலாம், பின்னூட்டப் பெட்டிகள் தாங்காது. நிரல் எழுதுகிறவருக்கு இதில் ஒரே பாடம்தான்: புத்தாண்டு எப்போது என்பதை நிரலுக்குள் ஆணியடிக்கக் கூடாது. அது தரவு. அரசாணை மாறினால், வழக்கு மாறினால் தரவுக் கோப்பு மாறும், நிரல் அப்படியே இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிற இடம், கன்னியில் பிறக்கிற இடம், வாக்கியம், திருக்கணிதம், 31 கூட்டுகிற திருவள்ளுவர் ஆண்டு எல்லாமே அந்த வகைதான். ஒரு தரவுப் பொதி, ஒரு நிரல் பொதி, இரண்டும் தனித்தனி.

பொதிக்காரர் பார்க்க வேண்டிய இன்னொன்று சோதனைகள். தேதி லைப்ரரிகளின் சோதனைகளுக்கு ஒரு விசேஷ நோய் உண்டு. எழுதின வருஷம் ஓடும், அடுத்த வருஷம் விழும். வருஷம் சொல்லாமல் "பிப்ரவரி 29" என்று கொடுத்தால் லீப் வருஷத்தில் பாஸ், மற்ற மூன்று வருஷம் ஃபெயில். இதனாலேயே வருஷம் இல்லாமல் நாளை மட்டும் படிக்கச் சொன்னால் பைத்தான் 3.13 எச்சரிக்கை கொடுக்கிறது. டெபியனின் நிலையான வெளியீடு ஒன்றை ஐந்து வருஷம்வரை பராமரிக்கிறார்கள், ஐந்து வருஷத்தில் எந்த நாள் கட்டினாலும் பொதி கட்டப்பட வேண்டும். "இன்றைக்கு என்ன தேதி" என்று ரகசியமாகக் கடிகாரத்தைப் பார்க்கிற லைப்ரரியை அங்கே வைத்துக் காப்பாற்ற முடியாது. பொதி கட்டுகிற ஒழுக்கம் லைப்ரரியின் கள்ளத்தனத்தை வெளியே கொண்டுவருகிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஓர் அழகான சங்கதி. ஒவ்வொரு டெபியன் பொதியிலும் மாற்றக் குறிப்பு என்று ஒரு கோப்பு இருக்கும், ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் தேதி எழுத வேண்டும், கிழமையோடு. 2006 ஆகஸ்ட் 15 செவ்வாய்க்கிழமை. அதைப் புதன் என்று தப்பாக எழுதினால் லிண்டியன் என்ற சரிபார்ப்பு நிரல் கிழமை தப்பு என்று புகார் சொல்லும். தேதியிலிருந்து கிழமையைக் கணக்கிட்டுக்கொள்ளலாமே, எதற்கு எழுத வேண்டும்? ஆழ்வார்குறிச்சிக் கணக்கப்பிள்ளை எதற்காக எழுதினாரோ அதற்காகத்தான். எண்ணில் தப்பு நேர்ந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். பனையோலையில் எழுத்தாணி பிடித்தவருக்கும் டெபியன்காரருக்கும் புரிந்த இந்த விஷயம், ஒரு வரியில் முடித்துவிடுகிற நம் பிராஜெக்ட் வீரர்களுக்கு மட்டும் ஏன் புரிவதில்லை என்பதுதான் மர்மம்.

பிப் கட்டளை போட்டால் இணையத்திலிருந்து இறங்கிவிடுகிறதே, பொதி எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். இறங்கும். நல்ல இணையம் இருக்கிற விடுதியில் இறங்கும், இன்றைக்கு ஒரு பதிப்பு, நாளைக்கு ஒரு பதிப்பு இறங்கும். 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் டெபியனை வைத்து உருவாக்கியது. டெபியனில் ஒன்று சேர்ந்தால் அது உபுண்டுவுக்குப் போகும், அதன் வழிவந்த மற்றவற்றுக்கும் போகும், கடைசியில் மலையடிவாரத்து அரசுப் பள்ளி மாணவியின் கைக்கும் போகும், பிப் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல். ஒருவர் மடிக்கணினியில் மட்டும் ஓடுகிற நிரல் அவருடைய மதிப்பெண்ணுக்கு உதவும். அவ்வளவுதான்.

"இந்தக் காலத்தில் கொல்லம் ஆண்டு யாருக்கு வேணும்?" என்பது கடைசி ஆட்சேபம், கேட்பவர் பெரும்பாலும் நகரத்துக்காரர். நிலம் வைத்திருக்கிறவருக்கு வேண்டும். கோயில் கட்டளைக் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு வேண்டும். ஓலைச்சுவடிகளை மின்னாக்கம் செய்து பட்டியல் போடுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் செய்த படத்தை யாரும் தேடி எடுக்க முடியாது, தேதியும் பெயரும் போட்ட பட்டியலைத்தான் தேட முடியும். அந்தப் பட்டியலில் ஒரு வருஷம் தவறினால் அப்பா செய்தது மகன் செய்ததாகும், ஒத்தி வைத்தது மீட்டதற்குப் பிந்திப்போகும். மூலம் கறையான் அரித்துப் போனபின் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும். அப்போது கணினியின் ஊகமே சரித்திரம் ஆகிவிடும்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு தேதி பல விதமாகப் படிக்கக்கூடியதாக இருந்தால் லைப்ரரி எல்லாப் பதில்களையும் காரணத்தோடு தரட்டும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுக்கட்டும். ஊகித்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர் ஊகி என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மூல எழுத்தைத் தூக்கி எறியாமல் பதிலோடு சேர்த்தே வைக்கட்டும். இதையெல்லாம் மேலே எழுதினவர் செய்யாவிட்டால், பொதிக்காரர் குறைந்தபட்சம் பொதியின் விளக்கக் குறிப்பிலாவது இது மாதத்தை முதலில் படிக்கும் என்று ஒரு வரி எழுதலாம், வழு அறிக்கை ஒன்று போடலாம். டேட்பார்சரில் ஒவ்வொரு மொழிக்கும் துணைத் தரவு தனி உரைக்கோப்பாகவே இருக்கிறது, தமிழ்ச் சுருக்கங்களைத் திருத்துவதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்கவே வேண்டாம். நாள்காட்டியைச் சேர்ப்பதற்குத்தான் கொஞ்சம் பஞ்சாங்கமும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்த ஆள் வேண்டும். தாமிரபரணிப் பக்கத்துக் கல்லூரிகளில் இரண்டும் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார் என்பதை நம்ப முடியவில்லை.

டெபியனில் புதிய பொதி ஒன்றைக் கட்டப்போகிறேன் என்று முதலில் ஓர் அறிவிப்பைப் பதிய வேண்டும், அதற்குக் காசு கிடையாது. பதிந்தபின் முதல் சோதனைக்கு ஒரு வரி தேடுகிறவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்: கொல்லம் 1050, பவ வருஷம், ஆவணி 5, திருநெல்வேலி. விடை 1874 ஆகஸ்ட். இரண்டாவது சோதனைக்கு அதே வரியில் பவ என்பதையும் ஊரையும் எடுத்துவிட வேண்டும். விடை 1874, 1875 இரண்டும். மூன்றாவதில் ஊரை வைத்துக்கொண்டு பவ இருந்த இடத்தில் யுவ என்று போட வேண்டும். அதற்கு விடையாகத் தேதி எதுவும் வரக் கூடாது, பிழைச் செய்தி வர வேண்டும்.